முன்வரிசை

டூரிங் கொட்டகையில் தரை டிக்கெட்காரர்தான் எம்.ஜி.ஆருக்கு மிக அருகில் இருந்தார். காசு கூடக்கூடத் திரையை விட்டுத் தள்ளிப் போக வேண்டும். பாட்டுக் கச்சேரியில் கணக்கு தலைகீழ். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியேறிப் போகும் பிள்ளைகள், மேடையை ஒட்டி நிற்க ‘பிளாட்டினம்’, ‘டைமண்ட்’ என்று ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள். 2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் ஏ.ஆர். ரகுமான் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கிய பலரால் உள்ளேயே நுழைய முடியவில்லை. அழுதவர்களைக் கேலி செய்தார்கள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. திரையில் இருப்பவர் நம்மைப் பார்க்க மாட்டார். மேடையில் நிற்பவர் பார்த்துவிடலாம். அந்த ஆசைக்குத்தான் காசு. அதில் என்ன தப்பு?

பக்கத்தில் போவது என்றாலே எனக்கு நாடக ஆசான் சங்கரதாஸ் சுவாமிகள் ஞாபகம்தான். இளமையில் எமன், இரணியன், சனீஸ்வரன் வேடங்களில் மேடையை நடுங்க வைத்தவர். ஒருமுறை அவருடைய எமனைக் கண்டு மிரண்ட கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்ததாம். இன்னொரு நாள், விடியும்வரை சனீஸ்வரனாக ஆடிவிட்டு வேடம் கலைக்கப் போனவரைத் துறையில் துணி துவைக்க வந்த பெண் பார்த்து, பயத்திலேயே உயிரை விட்டாளாம். நாடகக்காரர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. வேடம் கட்டுவதையே அவர் விட்டதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். அந்தப் பெண் டிக்கெட் வாங்கியவள் அல்லள், நாடகம் பார்க்க வந்தவளும் அல்லள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

பிறகு சுவாமிகள் நாடகங்கள் எழுதினார், பையன்களைப் பழக்கினார். 1918இல் மதுரையில் சிறுவர் நாடகக் கம்பெனியான பாலர் சபாவைத் தொடங்கினார். அங்கே சிறுவனாக இருந்த டி.கே. சண்முகத்துக்காக ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார். அன்று அவர் எழுதிய விளக்கடியில் ஓர் ஓரமாக உட்கார இடம் கிடைத்திருந்தால், கையில் உள்ளதையெல்லாம் கொடுத்திருப்பேன். பக்கவாதம் பேச்சைப் பறித்த பிறகும் கம்பெனியை அவர் பிரியவில்லை. 1922 நவம்பர் 13 அன்று எங்கள் ஊரான புதுச்சேரியில் காலமானார். சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. யாரும் போய்ப் பக்கத்தில் நிற்கலாம்.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கூத்து நடந்தால் முன்வரிசை பிள்ளைகளுக்குத்தான். துச்சாதனன் பாய்ந்து வந்தால் அலறிக்கொண்டு பின்னால் நகர்வார்கள். அவன் திரும்பியதும் முன்னைவிட நெருங்கி உட்காருவார்கள். கச்சேரி நடத்துகிறவர்களும் மேடைக்கு முன்னால் பத்தடி இடத்தையாவது விற்காமல் பிள்ளைகளுக்கு விட வேண்டும்.