ஆரணிப் பட்டும் ஒரு தோல் பையும்

பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், "கூறைப்புடவையை ஆரணிக்கே போய் எடுத்துடலாமே, அண்ணி!" என்றாள் நாத்தனார். சரியென்று ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் சென்னையில் பஸ் ஏறினோம்.

ராணிப்பேட்டை நெருங்கும்போதே அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். தோல் பதனிடும் ஊர் அல்லவா? காற்று நம் பக்கம் திரும்பினால் வாடை வரத்தான் செய்யும். அதைத் தாண்டினால் பாலாற்றுப் பாலம். கீழே எட்டிப் பார்த்தேன், மணலும் முள்செடியும்தான். அக்கரையில் ஆற்காடு. அங்கிருந்து தெற்கே திரும்பினால் ஆரணி.

அரிசிக்கும் பட்டுக்கும் பேர்போன ஊர். ஊரை ஒட்டிக் கமண்டல நாகநதி. நெசவாளர் தெருவுக்குள் நுழைந்ததுமே 'டக் டக்' என்று தறிச் சத்தம். தெரு நீளத்துக்குப் பாவு கட்டியிருந்தார்கள். இழை மேல் படாமல் ஓரமாக நடந்து, தெரிந்தவர்கள் சொல்லியிருந்த வீட்டைக் கண்டுபிடித்தோம்.

பெரியவர் குழித்தறியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ராட்டையில் தார் சுற்றிக்கொண்டே பேசினார். கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசையை எடுக்க வேண்டுமாம். "கிலோவுக்குக் கால் பங்கு எடை அதிலேயே போயிடும்மா. அப்புறம்தான் சாயம். எல்லாத்துக்கும் நல்ல தண்ணி வேணும். உப்புத் தண்ணின்னா கலர் ஒரே சீரா ஏறாது" என்றார்.

அரக்கு நிறத்தில் மாம்பழக் கரை போட்ட புடவை எங்கள் இருவருக்குமே பிடித்துப்போயிற்று. பணம் எடுக்கக் கைப்பையைத் திறந்தேன். அந்த அம்மாள் பையைத் தடவிப் பார்த்தார்.

"தோல் பையா? எங்க அம்மா வீடு வாணியம்பாடி பக்கம்மா. நான் சின்னப் பொண்ணா இருக்கச்சே கிணத்துத் தண்ணி இளநீர் மாதிரி இருக்கும். தோல் ஷாப்புத் தண்ணி இறங்க இறங்க வாயிலே வைக்க முடியலே. தென்னை காய்ப்பு விட்டுப்போச்சு. மாடு கூட மோந்து பாத்துட்டுத் திரும்பிடும். ரெண்டு ஏக்கர் சும்மாக் கிடக்குது."

"அப்போ எல்லாத்தையும் மூடிட வேண்டியதுதானே?" என்றாள் நாத்தனார் கோபமாக.

"எப்படிம்மா சொல்றது? எங்க அண்ணன் மருமக ஆம்பூர்லே ஷூ கம்பெனிக்குப் போய்தான் ரெண்டு புள்ளைங்களைப் படிக்க வைக்குது."

எங்களுக்குப் பேச வாயில்லை.

வீட்டுக்கு வந்ததும் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டுத்தான் வருகிறது. ஊறவைத்துக் கழுவும்போது அத்தனை உப்பும் தண்ணீரோடு போகிறது. பிறகு ரோமம் நீக்கச் சுண்ணாம்பு; பதனிடக் குரோமியம். ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று சுப்ரீம் கோர்ட்டே குறிப்பிட்டிருக்கிறது. வேலூர் குடிமக்கள் நலச் சங்கத்தினர் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த தீர்ப்பு அது. இப்பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப்போனது என்ற ஆய்வும் அதில் வருகிறது. அசுத்தம் செய்தவரே அதற்குச் செலவழிக்க வேண்டும் என்று கோர்ட் சொன்னது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் ஏற்பட்டன.

ஆனாலும் தீரவில்லை. 2015 ஜனவரி 31-ல் ராணிப்பேட்டையில் அப்படியொரு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 பேர் மாண்டார்கள். 2025 ஜனவரி 30-ல் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் பாலாற்று மக்களுக்கு நஷ்டஈடு தரவும், ஆற்றைச் சீர்படுத்தவும் உத்தரவிட வேண்டியிருந்தது.

நாம் என்ன செய்யலாம்? அந்தப் பக்கம் உறவினர் இருந்தால் ஒன்று சொல்லுங்கள்: தண்ணீரைக் காய்ச்சினால் கிருமிதான் சாகும், உப்பும் குரோமியமும் போகாது. கிணற்று நீரைப் பரிசோதிக்காமல் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் என்றால் குரோமியம் தேவையில்லை. உப்புப் பிரச்னை அதிலும் உண்டு. ஆகவே வாங்கியதை நெடுநாள் வைத்துக்கொள்வதே மேல். மழைக்காலத்தில் தோல் பையை உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காற்றாட வையுங்கள், பூஞ்சணம் பிடிக்காது. வார் அறுந்தால் தைக்கக் கொடுங்கள்.

பெண்ணுக்குப் புடவைக்குப் புடவை பொருத்தமாக மூன்று தோல் பைகள் வாங்குவதாக இருந்தோம். ஒன்று போதும் என்று அவளே சொல்லிவிட்டாள்.

கிளம்பும்போது அந்த அம்மாளிடம், "உங்க ஊர் ஆறாவது நல்லா இருக்கே!" என்று ஆறுதலாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "எங்க சாயத் தண்ணி மட்டும் எங்கம்மா போகுது? இந்த ஆறு செய்யாத்துலே விழுது, செய்யாறு பாலாத்துலே போய்ச் சேருது. நாங்களும் ஜாக்கிரதையாத்தான் இருக்கணும்."

மடியிலிருந்த புடவைப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு, திரும்பும் வழியில் அந்தப் பாலத்தை மறுபடி கடந்தேன். இந்தத் தடவை நாத்தனார் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை.