கினிகத்தேனை மழையில் ஆறும் ஒரு முகம்

கண்டியிலிருந்து ஹட்டன் செல்லும் பஸ் கம்பளையையும் நாவலப்பிட்டியையும் கடந்த பிறகு வளைந்து வளைந்து மலையேறும். கினிகத்தேனைக்கு வந்ததும் அவிசாவளை, கித்துல்கலை வழியாக வரும் கொழும்புப் பாதையோடு சேர்ந்துகொள்ளும். சந்தியில் சில கடைகள், தேநீர்க் கடை, மருந்துக் கடை, மழைக்கு ஒதுங்கி நிற்கும் மனிதர்கள். சுற்றுலா வருபவர்கள் பக்கத்திலுள்ள 98 மீற்றர் உயரமான அபர்டீன் நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஊர் அவர்கள் கண்ணில் படுவதில்லை.

கினிகத்தேனை என்ற சிங்களப் பெயரைப் பிரித்துப் பார்த்தால் 'தீப்பற்றிய சேனை' என்று பொருள் வரும். காட்டை வெட்டி எரித்துப் பயிர் செய்யும் நிலந்தான் சேனை. தீயின் பெயரைக் கொண்ட இந்த ஊர், இலங்கையில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. அடுத்துள்ள வட்டவளையில் ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீற்றரையும் தாண்டும். மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை லயங்களில் துணி காய்வதே இல்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் காய வைப்பார்கள். அதனால் எல்லாத் துணியிலும் புகை மணக்கும்.

அப்படியொரு மழைக்காலத்தில்தான் இங்குள்ள ஒரு தோட்டத்துக்கு நான் நான்கு தடவைகள் போய் வந்தேன். முகத்தில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பிய ஓர் அக்காவைப் பார்ப்பது என் வேலையின் ஒரு பகுதி. அவருடைய பெயரும் தோட்டத்தின் பெயரும் இங்கே வேண்டாம். அவருடைய கதை எம்மில் பலருக்கும் சொந்தமானது.

1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து ஏராளமான குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறின. அக்காவின் பெற்றோரும் அப்படிப் போனவர்கள். அக்கா பிறந்தது வன்னியில். 2009 இல் ஷெல் துண்டு அவருடைய இடது கன்னத்தைக் கிழித்தது. கணவர் திரும்பி வரவில்லை. முகாம் வாழ்க்கை முடிந்தபின் கைக்குழந்தையோடு அத்தையின் லயத்துக்கே வந்து சேர்ந்தார். எந்த மண்ணை விட்டுப் பெற்றோர் ஓடினார்களோ அந்த மண்தான் மகளுக்கு இடம் கொடுத்தது.

காயம் ஆறியது. ஆனால் தழும்பு இறுகி, கண்ணின் கீழ் இமையைக் கீழே இழுத்துவிட்டது. உறக்கத்திலும் கண் முழுதாக மூடாது. எந்நேரமும் நீர் வடியும். "சும்மா நின்னாலும் அழுறேன்னு நெனைக்கிறாங்க மிஸ்" என்பார். பல வருடங்கள் அப்படியே கொழுந்து பறித்தார்.

அழகுக்கா, தேவைக்கா?

சத்திரசிகிச்சை என்றதும் லயத்தில் எழுந்த முதல் கேள்வி: "இந்த வயசுல மூஞ்சிய அழகு படுத்தி என்ன செய்யப் போறே?" கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். விதவைப் பெண் தன் முகத்தைப் பற்றி நினைப்பதே தவறு என்று பழகிப்போனவர்கள். ஓர் ஆணின் கைக்காயத்துக்குச் சிகிச்சை செய்தால் அது வைத்தியம். பெண்ணின் முகக்காயத்துக்குச் சிகிச்சை செய்தால் அது அலங்காரமாகிவிடுகிறது.

'பிளாஸ்டிக் சேர்ஜரி' என்ற சொல்லும் பயம் காட்டியது. முகத்துக்குள் பிளாஸ்டிக் வைத்துத் தைப்பார்கள் என்றே அத்தை நம்பியிருந்தார். உண்மையில் அது 'உருவம் கொடுத்தல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அக்காவுக்குச் செய்தது, இறுகிய தழும்பை விடுவித்து, காதின் பின்புறத்திலிருந்து எடுத்த அவருடைய தோலையே இமையின் கீழ் ஒட்டியதுதான்.

இந்த வைத்தியம் எமக்குப் புதிதும் அல்ல. சிதைந்த மூக்கைத் தோலால் திருத்தும் முறை சுஸ்ருத சங்கிதையில் இருக்கிறது. ஆங்கிலப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய ஒருவர் திப்பு சுல்தானின் படையிடம் சிறைப்பட்டு மூக்கு அறுக்கப்பட்டார். புனேயில் அவருடைய நெற்றித் தோலைக் கொண்டு மூக்கு அமைக்கப்பட்ட செய்தி 1794 இல் லண்டன் சஞ்சிகையொன்றில் வெளிவந்தது. அதைப் படித்துத்தான் ஐரோப்பிய வைத்தியர்கள் இதில் அக்கறை கொண்டார்கள். இந்த வைத்தியத்தைப் பெரிதாக வளர்த்தது முதலாம் உலகப்போர். ஆக, போர் சிதைத்த முகங்களுக்காக வளர்ந்த வைத்தியத்தைக் கேட்பதற்குப் போரால் பாதிக்கப்பட்ட பெண் ஏன் கூச்சப்பட வேண்டும்?

மறைத்து வைத்த கண்ணாடி

நான் முதலில் போனது சிகிச்சையின் மூன்றாம் நாள். முகத்து வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாட்களில்தான் உச்சத்துக்குப் போகும். ஒரு கண்ணில் கட்டு, மறுகண்ணும் வீங்கிப் பாதி மூடியிருந்தது. பிஸ்கட் பெட்டியோடு பார்க்க வந்த பக்கத்துக் காம்பராப் பெண் வாசலில் நின்றபடியே, "ஐயோ, முன்னைய விட மோசமாயிருச்சே!" என்றார். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இஸ்தோப்பில் தொங்கிய கண்ணாடியை அத்தை கழற்றி அரிசிச் சாக்கின் பின்னால் வைத்திருந்தார். அன்பினால் செய்ததுதான்.

நான் படித்த ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. 1917 இல் இங்கிலாந்தின் சிட்கப் என்ற ஊரில், முகம் சிதைந்த படையினருக்கென ஒரு வைத்தியசாலை திறக்கப்பட்டது. நியூசிலாந்தில் பிறந்த ஹரோல்ட் கில்லீஸ் அங்கே 5,000 க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்த குழுவை நடத்தினார். அங்கும் விடுதிகளில் கண்ணாடி வைக்கவில்லை. ஊருக்குப் போகும் வழியில் சில இருக்கைகளுக்கு நீலநிறம் பூசியிருந்தார்கள். அதில் அமர்ந்திருப்பவரின் முகம் உங்களைத் திடுக்கிட வைக்கலாம் என்று ஊராருக்குச் சொல்லும் அடையாளம் அது.

இரண்டாம் உலகப்போரில் கில்லீஸின் உறவினரான ஆர்ச்சிபோல்ட் மெக்கிண்டோ வேறு வழியில் சென்றார். ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற சிற்றூரில் தீக்காயமடைந்த விமானப்படையினருக்குச் சிகிச்சை செய்தவர் அவர். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே அவர்களைக் கடைக்கும் தேநீர்ச் சாலைக்கும் அனுப்பினார். இவர்களைச் சாதாரணமாக நடத்துங்கள் என்று ஊராரிடம் கேட்டுக்கொண்டார். 'வெறித்துப் பார்க்காத ஊர்' என்று அந்த ஊருக்குப் பெயர் வந்தது. ஒரு முகத்தை வைத்தியர் தைக்கலாம். அது ஆறுவதற்கு ஊரும் உதவ வேண்டும்.

கினிகத்தேனை லயத்துக்கும் இது பொருந்தும். அடுத்த நாள் பிள்ளை மடுவத்தில் பிள்ளைகளை விட வந்த பெண்களிடம் அத்தையும் நானும் பேசினோம். வீக்கம் ஏன் வருகிறது, எப்போது வடியும், ஒட்டிய தோல் முதலில் ஏன் கறுத்தும் ஊதா நிறத்திலும் தெரியும் என்று விளக்கினோம். நோயாளியைப் பார்க்கப் போனால் முகத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் சும்மா கதைத்துவிட்டு வாருங்கள் என்று கேட்டோம். பிஸ்கட் கொண்டு வந்த அதே பெண்தான் பிறகு தினமும் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

இரண்டாவது தடவை நான் போனபோது கட்டு அவிழ்த்தாகிவிட்டது. அக்கா தானாகவே கண்ணாடியைக் கேட்டார். அத்தை என்னைப் பார்த்தார். "அவுக மூஞ்சி, அவுக பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எடுத்து வந்தார். அக்கா வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடி, விரலால் இமையைத் தடவி, "மூடுது மிஸ்" என்றார்.

அவருடைய மகள் மட்டும் கொஞ்சம் தள்ளியே நின்றாள். உயர்தரம் படிக்கும் பிள்ளை. நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தத் தழும்போடுதான் தாயைப் பார்த்திருக்கிறாள். "அம்மா வேற ஆளா மாறிடுவாங்களோன்னு பயமா இருந்துச்சு" என்று பிறகு என்னிடம் சொன்னாள். முகச் சிகிச்சை எடுக்கும் பெண்ணின் பிள்ளைகளிடமும் முன்கூட்டியே பேச வேண்டும் என்பதை அவளிடமிருந்துதான் கற்றேன்.

லயத்துக்குள் ஓய்வு

'வீட்டில் ஓய்வெடுங்கள்' என்று வைத்தியர்கள் சொல்வது எளிது. ஒற்றைக் காம்பராவில் ஓய்வெடுப்பது எப்படி? தலையை உயர்த்திப் படுத்தால் வீக்கம் விரைவில் வடியும். தலையணைகள் இல்லாததால் பழைய கம்பளியை மடித்து அடியில் வைத்தோம். விறகடுப்பின் முன் குனிந்து ஊதினால் முகத்துக்கு இரத்தம் ஏறும், புகை கண்ணை உறுத்தும். ஆகவே அடுப்பு வேலையை மகளும் அத்தையும் பங்கிட்டுக்கொண்டார்கள். கூரை ஒழுகும் பக்கத்திலிருந்து படுக்கையை நகர்த்தினோம். கட்டு நனையக் கூடாதல்லவா?

சாப்பாட்டிலும் ஒரு சண்டை. முட்டையும் மீனும் காயத்தைச் சீழ் பிடிக்க வைக்கும் என்றார் அத்தை. புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, கீரை எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம் என்று கிளினிக்கில் தாதி சொன்ன பிறகுதான் முட்டை வந்தது. மஞ்சள், கோப்பித்தூள், சாம்பல் எதையும் புண்ணில் போடக் கூடாது என்பதையும் அவரே சொன்னார்.

வேலைதான் பெரிய சிக்கல். கூடைக்கயிறு தலையில் பதிந்து இழுக்கும்போது முகத்துத் தோலும் இழுபடும். 'ஓய்வு தேவை' என்று மட்டும் எழுதிய துண்டைப் பார்த்து, "முகத்துல தானே காயம், கை நல்லாத்தானே இருக்கு" என்று கேட்டார்கள். அடுத்த கிளினிக்கில், தலையில் கயிறு மாட்டிப் பாரம் சுமக்கக் கூடாது என்று வைத்தியரிடம் தெளிவாக எழுதி வாங்கினோம். அதன் பிறகு வாய்ப்பேச்சு நின்றது. ஆனாலும் போகாத நாளுக்குப் பேர் விழாது, கூலியும் இல்லை. சிகிச்சைக்கு முன்பே அக்கா சீட்டுப் பணத்தைச் சேர்த்து வைத்திருந்ததால்தான் அந்த வாரங்களைச் சமாளிக்க முடிந்தது.

இன்று அக்காவின் முகத்தில் தழும்பு இருக்கத்தான் செய்கிறது. கன்னத்துக் கோடு அழியவில்லை. முகத்தழும்பு வெளிறி மென்மையாவதற்கு ஒரு வருடமோ அதற்கு மேலுமோ செல்லும். மரத்துப்போன இடத்தில் உணர்வு வருவதற்கும் மாதங்கள் ஆகும். மேகமூட்டத்திலும் வெயிலின் கதிர் படும் என்பதால் தொப்பியோ குடையோ இல்லாமல் அவர் வெளியே போவதில்லை. கண் மூடுகிறது, நீர் வடிவது நின்றிருக்கிறது. அவர் கேட்டது அவ்வளவுதான்.

தோழிகளே, உங்களில் யாருக்காவது முகத்தில் இறுகிய தழும்பு இருந்தால், இத்தனை வருடமாகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். பழைய தழும்புக்கும் சிகிச்சை உண்டு. கொழும்பு, கண்டி தேசிய வைத்தியசாலைகளிலும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை. உங்கள் பகுதி வைத்தியசாலையில் கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். என்ன மாறும், என்ன மாறாது என்று முதலிலேயே கேளுங்கள். வீடு திரும்பிய பின் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் சிவப்பு, சீழ், கெட்ட வாடை, நிற்காத இரத்தம், பார்வை மங்கல் ஏதும் தெரிந்தால் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.

உங்கள் பக்கத்து வீட்டில் ஒருத்தி முகத்தில் கட்டோடு வந்து இறங்கினால் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுபோய், பக்கத்தில் உட்கார்ந்து, மழையைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் பேசுங்கள். முகத்தைப் பற்றிப் பேச வேண்டுமா என்பதை அவளே தீர்மானிக்கட்டும்.