பதினைந்து மீட்டர் கேபிள்

ஆண்டெனாவுக்காக மண்டையை உடைத்துக்கொள்கிற நாம், அதிலிருந்து இறங்கும் கேபிளுக்காக ஐந்து நிமிடம்கூட யோசிப்பதில்லை. கடையில் இருப்பதை வாங்கி மாட்டிவிடுகிறோம். ஆனால் ஆண்டெனா பிடித்ததில் எவ்வளவு கீழே வந்து சேரும் என்பதைக் கேபிள்தான் முடிவு செய்கிறது. அது ஒழுகும் குழாய் மாதிரி. எந்தக் குழாய் எவ்வளவு ஒழுகும் என்பதுதான் கேள்வி.

குரோம்பேட்டையில் எங்கள் மொட்டைமாடிக்கும் என் மேஜைக்கும் 15 மீட்டர். தலைக்கு மேல் போகும் விமானங்கள் தங்கள் உயரத்தையும் இடத்தையும் 1090 மெகாஹெர்ட்ஸில் சொல்லிக்கொண்டே போகின்றன. நான் பிடிக்க நினைத்தது அதை. 3 டெசிபல் இழப்பு என்றால் பாதி சிக்னல் போச்சு. மெல்லிய ஆர்ஜி-58 இந்த தூரத்துக்குச் சுமார் 9 டெசிபல் தின்றுவிடும். மிஞ்சுவது எட்டில் ஒரு பங்கு. தடித்த எல்எம்ஆர்-400 இரண்டு டெசிபல் சொச்சத்தோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் விலை அதிகம், ஜன்னல் ஓரத்தில் வளைக்கவும் வராது. இரண்டுக்கும் நடுவில் நம் தெருவெல்லாம் தொங்கும் டிவி கேபிள், ஆர்ஜி-6. சுமார் மூன்றரை டெசிபல்.

'அது 75 ஓம், ரேடியோவுக்கு 50 ஓம்தானே வேணும்?' என்று உடனே கேட்பார்கள். இரண்டையும் சேர்க்கும் இடத்தில் திரும்பிப் போவது 4 சதவீத சக்தி. டெசிபலில் 0.18. கேட்க மட்டும் செய்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 75 ஓமுக்குப் பக்கத்தில்தான் இழப்பு மிகக் குறைவு. 30 ஓமுக்குப் பக்கத்தில் அதிக சக்தியை அனுப்பலாம். 50 என்பது இரண்டுக்கும் நடுவில் செய்துகொண்ட சமரசம்.

ஆர்ஜி-6 வாங்க நான் கடைக்கே போகவில்லை. அப்பாவிடம் அரை டிரம் இருந்தது. திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருபது வருடம் கேபிள் டிவி நடத்தியவர். டிடிஎச் வந்தது, பிறகு ஃபைபர் வந்தது, வீடு வீடாக இணைப்பு கழன்றது. சென்னைக்கு எங்களோடு வந்தபோது டிரம்மையும் கிரிம்பிங் டூலையும் கூடவே கொண்டுவந்தார். எதற்கு என்று நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எஃப் கனெக்டரில் தனியாகப் பின் கிடையாது. கேபிளின் நடுக்கம்பியேதான் பின். வலையின் ஒரே ஒரு இழை அதைத் தொட்டால் ஷார்ட். அப்பா பிளேடால் ஒரு சுற்று சுற்றி, வலையைப் பின்னால் மடித்து, கனெக்டரை ஏற்றி அழுத்தினார். முப்பது நொடி. "திருகுற டைப் வேணாம்டா, காத்துல ஆடி ஆடி லூஸாயிடும்" என்றார். இந்தப் பக்கம் ரிசீவரில் எஸ்எம்ஏ. அடாப்டர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வைஃபை ஆண்டெனாவில் வரும் ஆர்பி-எஸ்எம்ஏ இதோடு அழகாகத் திருகிக்கொள்ளும், ஆனால் இரண்டு பக்கமும் ஓட்டைதான் இருக்கும், நடுவில் எதுவும் தொடாது.

ஆம்ப்ளிஃபையரை மேஜை மேல் வைக்கலாம் என்றிருந்தேன். "மேல வை. படம் புள்ளியான அப்புறம் பூஸ்டர் போட்டா புள்ளியும் சேந்துதான் பெருசாகும்" என்றார். கல்லூரியில் ஒரு செமஸ்டர் சமன்பாடாகப் படித்த அதே விஷயம். அவர் கம்பத்துக்குக் கம்பம் ஏறி ஆம்ப்ளிஃபையர் வைத்தார், கேபிள் வழியாகவே அதற்குக் கரண்ட் கொடுத்தார். நான் பயஸ்-டீ என்ற பெயரில் செய்வதும் அதுதான்.

ஜன்னலுக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழே தொங்கவிட்டு ஒரு வளைவு கொடுத்தார். மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிட வேண்டும். "உள்ள போன தண்ணி வெளிய வராதுடா. அப்புறம் கேபிளையே மாத்தணும்."

சரியான தீர்வு எனக்குத் தெரியும். ஒரு ராஸ்பெர்ரி பையை மாடியில், ஆண்டெனா பக்கத்திலேயே வைத்து, நெட்வொர்க் கேபிளைக் கீழே இறக்கிவிட்டால் போதும். கோஆக்ஸியல் ஒரு மீட்டருக்குள் முடிந்துவிடும், இழப்பும் கிட்டத்தட்ட இல்லை. பை வாங்கி நாலு மாதம் ஆகிறது. இன்னும் மாட்டவில்லை. மழை பெய்த மறுநாள் காலையில் யாரும் சொல்லாமலே அப்பா மாடிக்குப் போகிறார், கனெக்டரைக் கழற்றித் துடைத்துப் பார்க்கிறார், இறங்கி வந்து எத்தனை விமானம் தெரிகிறது என்று கேட்கிறார். மூன்றரை டெசிபல் போனால் போகட்டும்.