பாட்டா, படமா? பழைய கேமராவுடன் பிரிக்பீல்ட்ஸில்

தாமான் ஜெயா எல்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஆம்கோர்ப் மால். வார இறுதியில் அங்கே பழம்பொருள் சந்தை. இசைத்தட்டு, தகர பொம்மை, பழைய நாணயம், நின்றுபோன கைக்கடிகாரம் என மேசை மேசையாகப் பரப்பியிருப்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள் சூழ்ந்து நிற்பது மட்டும் பழைய டிஜிட்டல் கேமராக்கள் கிடக்கும் தட்டுகளைத்தான். கைப்பேசியில் எடுக்கும் படம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதாம்.

அப்படி ஒரு தட்டில் கிடைத்ததுதான் ஃபியூஜி ஃபைன்பிக்ஸ் 40ஐ. 2000ஆம் ஆண்டில் வந்த மாடல். படமும் எடுக்கும், எம்.பி.3 பாட்டும் பாடும். ஆப்பிளின் ஐபாட் 2001 அக்டோபரில்தான் அறிமுகமானது என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு துணிச்சலான யோசனை என்று புரியும். கடைக்கார அங்கிள் 180 வெள்ளி சொன்னார். "குராங் சிக்கிட் லா" என்று கெஞ்சியதில் 140க்கு இறங்கினார்.

நீங்களும் வாங்கப் போனால் முதலில் பேட்டரி மூடியைத் திறந்து துரு இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண டபுள் ஏ பேட்டரி இரண்டு போதும், அது ஒரு பெரிய வசதி. அடுத்து, பாட்டுக்கான ஹெட்போனும் அதன் வயரில் இருக்கும் குட்டி ரிமோட்டும் கூடவே வருகிறதா என்று கேளுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம் ஸ்மார்ட்மீடியா அட்டை. தபால்தலையை விடக் கொஞ்சம் பெரியது, ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லை. தயாரிப்பை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. அட்டை இல்லாத கேமராவை வாங்கினால் ஷோகேஸில் வைக்கத்தான் ஆகும்.

அடுத்த சனிக்கிழமை அதைப் பையில் போட்டுக்கொண்டு கேஎல் சென்ட்ரலில் இறங்கினேன். அந்த நிலையம் திறந்தது 2001இல். கேமராவுக்கும் அதற்கும் கிட்டத்தட்ட ஒரே வயது.

படம் எப்படி? பெட்டியில் 43 லட்சம் பிக்சல் என்று பெருமையாகப் போட்டிருந்தாலும், உள்ளே இருக்கும் சூப்பர் சிசிடியில் உண்மையில் 24 லட்சம்தான். மிச்சத்தைக் கேமராவே கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்கிறது. பெரிதாக்கினால் அது தெரிகிறது. ஆப்டிகல் ஜூம் கிடையாது. ஜாலான் ஸ்காட் கந்தசுவாமி கோயில் கோபுரம் முழுசாக வேண்டுமென்றால் நாம்தான் பின்னால் நடக்க வேண்டும், வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு. துன் சம்பந்தன் சாலைக்கு மேலே மோனோரயில் வந்ததும் பட்டனை அழுத்தினேன். படத்தில் இருந்தது தண்டவாளம் மட்டும். ஆனால் ஐந்தடி நடைபாதையில் தொங்கும் மாலைகளின் மஞ்சளும் சிவப்பும், வாங்க நிற்பவர்களின் முகநிறமும் கண்ணுக்கு இதமாக வந்திருந்தன. பிள்ளைகள் தேடி அலைவது இதைத்தான் என்றால், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

பாட்டு விஷயம்தான் பெரிய கூத்து. பாடலை நேராக அட்டையில் போட முடியாது. கூட வந்த மென்பொருள் வழியாகத்தான் ஏற்ற வேண்டும். நண்பர் வீட்டுப் பழைய விண்டோஸ் 98 கணினியைத் தூசு தட்டினோம். என்னிடம் இருந்தது 16 எம்.பி. அட்டை. நாலரை நிமிடப் பாடல் ஒன்று 4 எம்.பி.க்கு மேல் பிடிக்கிறது. அதே இடத்தில் ஐந்து படம் வைக்கலாம். மூன்று பாடல் ஏற்றினால் படத்துக்கு மிஞ்சுவது மூன்றோ நான்கோ. தினமும் நேயர்களுக்குப் பாட்டுத் தேர்ந்தெடுப்பது என் வேலை. மூன்றே மூன்று என்றதும் கை ஓடவில்லை. பூக்கடை வரிசைக்கு வருவதற்குள் ஒரு பாடலை அழித்துவிட்டேன்.

அங்கே மாலை கட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, எங்க அண்ணன் வச்சிருந்தது இதே கேமராதான். பழைய குவார்ட்டர்ஸ் படமெல்லாம் அதுலதான் எடுத்தாரு. கேமரா கெட்டுப்போச்சு, அட்டை மட்டும் வீட்டுல இருக்கு. கடையில கொடுத்தா, இதைப் போட மெஷின் இல்லன்னுட்டாங்க."

அவர் சொன்ன குவார்ட்டர்ஸ், ஜாலான் ரொசாரியோ பக்கம் இருந்த நூறு குவார்ட்டர்ஸ். ரயில்வே ஊழியர்களுக்காக ஆங்கிலேயர் காலத்தில் கட்டிய வரிசை வீடுகள். அக்காவின் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. இன்று அங்கே போனால் அந்த வீடுகள் இல்லை, இடித்துவிட்டார்கள்.

மறுவாரம் அட்டையைத் தீபாவளி அங்பாவ் உறைக்குள் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்தார். என் கேமராவில் போட்டதும் கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. பிறகு தீக்குச்சிப் பெட்டி அளவுத் திரையில் ஒரு வாசல் தெரிந்தது.

"இதுதான் எங்க வீடு. இல்ல, இல்ல, பக்கத்து வீடு!"

மொத்தம் 11 படங்கள். வரிசை வீடுகளின் முகப்பு, கொடியில் காயும் துணி, சுவரில் சாய்த்த அப்பாவின் சைக்கிள், கோலம் போட்ட வாசலில் நாலு பிள்ளைகள். கடைசிப் படம் வந்ததும் அக்கா திரும்ப முதலில் இருந்து பார்க்கச் சொன்னார்.

"அம்மா மிளகாய் காயவைக்கிற மாதிரி ஒண்ணு இருந்துச்சு. இடம் பத்தலன்னு படத்தை அழிச்சு அழிச்சு இவரு பாட்டு ஏத்துவாரு. அதுல போயிருக்கும்."

மூன்றாம் முறையும் பார்த்தோம். இல்லை.

இப்படி மெல்லிய அட்டை ஏதாவது உங்கள் வீட்டு அலமாரியிலும் கிடக்கலாம். அதன் தங்க நிறத் தகட்டை விரலால் தொடாதீர்கள். கேமரா கிடைக்காவிட்டாலும் ஸ்மார்ட்மீடியா ரீடர் இதே பழம்பொருள் மேசைகளில் அகப்படும். "ஃபார்மட் செய்யவா" என்று கணினி கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முதல் வேலையாக எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட வேண்டும்.

அக்காவின் 11 படங்களையும் அன்றே அவர் கைப்பேசிக்கு அனுப்பினேன். அவர் ஜொகூரில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பிவைத்தார். அண்ணனிடமிருந்து ஒரு மணி நேரம் பதில் இல்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி வந்தது: அம்மா படம் அதில் இருக்கிறதா?