எத்தனை மடங்கு வேண்டும்?

"மாமா, இருபத்தைந்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கலாமா?" என்று நம் தங்கையின் மகன் கேட்டான். கனடாவில் வளர்ந்த பிள்ளை. அந்நாட்டில் உரிய அனுமதிப் பத்திரம் பெற்றவர்கள் இலையுதிர் காலத்தில் மூஸ் என்னும் பெருமானை வேட்டையாடலாம். நண்பர்களோடு அவ்வாறு செல்ல எண்ணிய அவன், துவக்கின்மேற் பூட்டும் தொலைநோக்கியைத் தெரிவு செய்வதில் நமது கருத்தை நாடினான். நாம் வேட்டைக்காரர் அல்லர். எனினும் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவராதலால், வில்லைகளைப் பற்றிக் கேட்டபோது வாளாவிருக்க இயலவில்லை.

அவன் நத்தார் விடுமுறைக்கு மன்னார் வந்திருந்த சமயம் அது. வாயால் விளக்குவதைவிடக் கண்ணாற் காட்டுவதே நன்று என எண்ணி, ஒரு நாள் நண்பகலில் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்து வீதிக்கு அவனை அழைத்துச் சென்றோம். அருகே விரிந்து கிடப்பது வங்காலைச் சரணாலயம். 2008-ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2010-இல் ராம்சார் ஈரநிலங்களின் வரிசையில் இடம்பெற்ற இந்நிலப்பரப்பு ஏறத்தாழ 4,800 ஹெக்டேர் கொண்டது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடதிசை நாடுகளிலிருந்து வாத்துகளும் உள்ளான்களும் இங்கே வந்து தங்கும். பூநாரைகள் தொலைவிலே ஒரு செந்நிறக் கோடுபோல் நிற்கும்.

இருபது மடங்கிலிருந்து அறுபது மடங்குவரை மாற்றக்கூடிய பழைய தொலைநோக்கி ஒன்றை முக்காலியிற் பொருத்தி, முதலில் அறுபதில் வைத்தோம். குனிந்து பார்த்த பிள்ளை முகம் சுளித்தான். "எல்லாம் கொதிக்கிற தண்ணீர் போல ஆடுகிறதே!" என்றான். பின்னர் இருபதுக்குக் குறைத்தோம். "இப்போது கால்கள்கூடத் தெரிகின்றன, மாமா" என்றான்.

காரணம் கடினமானதன்று. வெயிலிற் காய்ந்த தரை தன்மீதுள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறளவில் வளைப்பதால், நடுவிலுள்ள வெளி முழுவதும் நெளிகிறது. இதனையே நாம் கானல் என்கிறோம். கண்ணாடி பூநாரையை மட்டும் பெரிதாக்குவதில்லை; கானலையும் பெரிதாக்கும், கையின் நடுக்கத்தையும் பெரிதாக்கும். மடங்கு கூடக்கூடப் பார்வைப் பரப்பும் சுருங்கும். விலங்கு இரண்டடி நகர்ந்தால் அதனை மீண்டும் தேட வேண்டி வரும்.

அடுத்தது வெளிச்சம். முன்வில்லையின் குறுக்களவை மடங்கினால் வகுத்தால், கண்ணுக்குள் வந்து விழும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 50 மில்லிமீட்டர் வில்லையில் இருபத்தைந்து மடங்கு வைத்தால் அவ்வட்டம் 2 மில்லிமீட்டர்தான். இருளில் இளைஞரின் கண்மணி ஏறத்தாழ 7 மில்லிமீட்டர்வரை விரியும். விலங்குகள் வெளிவரும் அந்தி வேளையில் கண் அகலத் திறந்து காத்திருக்க, கண்ணாடியோ ஊசித்துளை வெளிச்சத்தையே கொடுக்கும். 40 மில்லிமீட்டர் வில்லையில் ஒன்பது மடங்கு வைத்தால் வட்டம் 4 மில்லிமீட்டருக்கு மேற்படும். மூஸ் ஒரு குதிரையினும் உயரமான விலங்கு. அதற்கு மூன்றிலிருந்து ஒன்பது மடங்குவரை மாறும் கண்ணாடி தாராளமாகப் போதும். சுடும்போது துவக்குப் பின்னோக்கி உதைக்குமாதலால், கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே 9 சென்றிமீட்டரேனும் இடைவெளி தரும் வகையாகவும் இருத்தல் வேண்டும். இல்லையேல் அதன் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும்.

"அப்படியானால் தூரத்தில் நிற்பதை எப்படி மாமா சுடுவது?" என்றான்.

"கிட்டப் போய்ச் சுடு, போக இயலாவிட்டால் விட்டுவிடு" என்றோம். வேகமான ரைபிள் குண்டும் 300 மீட்டர் செல்ல ஏறத்தாழ அரைக்காற் பங்கு குறைந்த அரை வினாடி எடுக்கும். அதற்குள் விலங்கு ஓரடி வைத்தால், நெஞ்சில் படவேண்டிய குண்டு வயிற்றிற் படும். காயத்தோடு காட்டுக்குள் ஓடும் உயிரின் வேதனையை எந்தக் கண்ணாடியும் காட்டாது.

இவ்வளவும் பௌதிகம். பிறகு, அவன் தாய்கூட அறியாத ஒன்றைச் சொன்னோம்.

1964-ஆம் ஆண்டு நமக்குப் பத்து வயது. கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயலில் நம் தந்தையார் பன்றிக் காவலுக்கு இருந்தார், நாமும் உடனிருந்தோம். மங்கிய பொழுதில் ஐம்பது பாகத்துக்கு அப்பால் பற்றை அசைந்தது. கரிய முதுகொன்று தெரிந்தது. தந்தையார் சுட்டார். விழுந்தது அயலவரின் எருமைக் கன்று. அதனைத் தேடி வந்த சிறுவன் அதே பற்றையின் மறுபுறத்திலிருந்து அலறிக்கொண்டு எழுந்தான். அவன் மேனியில் ஒரு கீறலும் இல்லை. கன்றின் விலையைத் தந்தையார் மறுநாளே கொடுத்தார். துவக்கை அதன்பின் அவர் தொட்டதேயில்லை. பன்றியைக் காண விரும்பிய கண், பன்றியையே கண்டுவிட்டது.

"ஆகையால், தம்பி, கழுத்தில் ஒரு இருகண் தொலைநோக்கி தொங்கட்டும். இன்னதென்று அறிவதற்கு அதுவே கருவி. துவக்கின் கண்ணாடியால் ஒன்றைப் பார்ப்பதென்றால், அதன் வாயை அதன்மேல் நீட்டுவது என்றே பொருள். அறிந்த பின்னரே அதனைத் தூக்கு" என்றோம். பிள்ளை ஒன்றும் பேசவில்லை. மீண்டும் குனிந்து நெடுநேரம் பூநாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடந்த ஐப்பசியில் அவன் எழுதியிருந்தான். ஒன்பது மடங்குக் கண்ணாடியே வாங்கினானாம். இரண்டாம் நாள் அந்தியில், காட்டோரத்தில் கரிய உருவம் ஒன்று நின்றதாம். இருகண் தொலைநோக்கியில் வெகுநேரம் பார்த்தும் இன்னதென்று துணிய முடியவில்லை, இருட்டிவிட்டது. வெறுங்கையோடு கூடாரம் திரும்பினானாம். "அது என்னவென்று இன்றுவரை தெரியாது, மாமா" என்று முடித்திருந்தான்.

அக்கடிதத்தை நாம் இருமுறை படித்தோம். பின்னர் தந்தையாரின் படத்துக்கு முன்னே அதனை வைத்தோம்.