பத்து ஆம்பியர்

ஒரு டேங்க் என்பது 16 லிட்டர். தண்ணீர் மட்டும் 16 கிலோ. மெஷினும் பேட்டரியும் சேர்ந்தால் இன்னும் ஐந்தாறு கிலோ. ஏக்கருக்கு 200 லிட்டர் மருந்துத் தண்ணீர் வேண்டும் என்றால், பன்னிரண்டு பதின்மூன்று முறை நிரப்பி முதுகில் ஏற்ற வேண்டும். எங்களுக்கு இரண்டு ஏக்கர் முருங்கை. இந்தக் கணக்கை நான் முதன்முதலாக உட்கார்ந்து போட்டது ஆஸ்பத்திரிக் கட்டிலில், கர்ப்பப்பையை எடுத்த நான்காம் நாள். "மூணு மாசத்துக்கு ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். சுமார் 22 கிலோ, இருபத்தைந்து தடவை. அதைக் குடத்தில் எப்படிச் சேர்ப்பது என்று நான் கேட்கவில்லை.

தாராபுரம் பக்கத்து வெயிலில் முருங்கை நன்றாக வரும். கம்பளிப்பூச்சியும் வரும். அது ஒரு மரத்தில் ஏறிவிட்டால் நான்கு நாளில் இலையில்லாமல் ஆக்கிவிடும். மூன்று மாதம் காத்திரு என்று அதனிடம் சொல்ல முடியாது.

கணவர் இருந்தவரை மருந்தடிப்பது அவர் வேலை. கலக்குவது என் வேலை. எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். அடிப்பது ஆம்பளை வேலை, அதற்குக் கூலி அதிகம். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து, மூடியால் அளந்து ஊற்றி, குச்சியோ கையோ விட்டுக் கலக்கிக் கொடுப்பது பொம்பளை வேலை, அதற்குப் பெயர் 'கூடமாட உதவி'. தண்ணீர் சேராத மருந்துதான் இருப்பதிலேயே கடுமையானது. அதைக் கையாள்கிறவள் மருந்தடிக்கிற ஆள் என்ற கணக்கில் வருவதே இல்லை. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாளில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் அந்தக் காற்றை மூச்சில் இழுத்துச் செத்துப்போனபோது டிவியில் காட்டினார்கள். அன்று இரவு என் கணவர் முகத்தில் துண்டைக் கட்டிப் பார்த்துக்கொண்டார். கலக்குகிறவளுக்கு என்ன கட்டுவது என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. (விஷத்துக்கு மருந்து என்று பெயர் வைத்த பாஷை நம்முடையது. யார் வைத்தார்களோ.)

அவர் போய் ஆறு வருஷமாகிறது. மாரடைப்பு. அதன்பின் அடிப்பதும் கலக்குவதும் இரண்டும் நான்தான். இப்போது பெரும்பாலும் வேப்ப எண்ணெயும் சோப்புக் கரைசலும். ஆனால் எடை எடைதான்.

ஆபரேஷனுக்குப் பிறகு கூலிக்கு ஆள் வைத்தேன். டேங்குக்கு இவ்வளவு என்று பேச்சு. அவருக்குத் தோதுப்படும் நாளில்தான் வருவார். வந்தாலும் மேலாகத் தூவிவிட்டு, "பொம்பளைங்க காட்டுல இவ்வளவு போதுங்க" என்பார். எங்கள் பேட்டரி ஸ்பிரேயரின் பேட்டரியும் அந்தச் சமயம் பார்த்து உப்பிப்போனது.

கொட்டகையில் மினி டிராக்டர் நின்றது. வரிசைக்கு நடுவே களை ஓட்ட அதை நான் இரண்டு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். அதன் பேட்டரி 12 வோல்ட். ஸ்பிரேயர் மோட்டாரும் 12 வோல்ட். வண்டிக்குப் பின்னால் பலகையில் ஒரு 200 லிட்டர் டிரம்மை வைத்து, பெரிய 12 வோல்ட் பம்பு ஒன்றைப் பொருத்தி, நீள ஓஸ் போட்டுவிட்டால் யார் முதுகிலும் எதுவும் ஏற வேண்டியதில்லை. பி.டி.ஓ.வில் ஓடுகிற எச்.டி.பி. பம்பு வாங்கலாமே என்றார்கள். வாங்கலாம். வேளாண் இயந்திரங்களுக்குப் பொதுவாக 40 சதவீத மானியம் என்றால் பெண் விவசாயிக்கு 50 என்று சட்டத்திட்டமெல்லாம் இருக்கிறது. அதற்குச் சிட்டா வேண்டும். சிட்டாவில் இன்னும் என் மாமனார் பெயர். ஆர்.சி. புத்தகத்தில் இறந்துபோன கணவர் பெயர். என் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது.

ஆகவே, இருக்கிற வண்டியில் இருக்கிற வயரிலேயே எடுத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். நான்காவது மாதம் தாராபுரத்தில் ஒரு பம்பு வாங்கினேன். மேலே 12 வோல்ட், 60 வாட் என்று போட்டிருந்தது. முன்விளக்குக்குப் போகிற வயர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. பிளேடால் தோலைச் சுரண்டி, புது வயரை முறுக்கி, டேப் சுற்றி, மட்கார்டுக்கு அடியில் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். லைட் சுவிட்சைப் போட்டதும் பம்பு ஓடியது. கன்னின் முனையில் புகை மாதிரித் தண்ணீர் விரிந்தது. கூட வேலை செய்கிற அக்கா கன்னை என் பக்கம் திருப்பி நனைத்துவிட்டுச் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் அந்தக் காட்டில் சிரித்து நாளாகியிருந்தது.

காலை ஐந்தரைக்கு ஆரம்பிப்போம், காற்று எழும்புவதற்குள் முடிக்க வேண்டும். இருட்டு என்பதால் விளக்கு எரியும், பம்பும் ஓடும். இரண்டாவது நாள் அரைமணி ஓடியதும் இரண்டும் சேர்ந்து நின்றன. பியூஸ் போயிருந்தது.

மெக்கானிக்கைக் கூட்டிவந்தார் கொழுந்தனார். அந்த மெக்கானிக்குக்கு ஒரு பழக்கம். கேள்வி நான் கேட்பேன், பதில் என் பையனுக்குப் போகும். பையனுக்கு அப்போது வயது பன்னிரண்டு. "ஏனுங்க போச்சு?" என்று நான் கேட்டால், "லோடு சாஸ்தியாயிருச்சு தம்பி" என்று அவனைப் பார்த்துச் சொல்வார். எவ்வளவு லோடு, எவ்வளவு தாங்கும் என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி" என்று பழைய வயரிலிருந்து நாலைந்து செப்புக் கம்பிகளைப் பிரித்தெடுத்து, பியூஸ் இருந்த இடத்தில் முறுக்கிச் சொருகினார். "இனி சென்மத்துக்கும் போகாது." நூறு ரூபாய் கொடுத்தேன்.

பத்து நாள் உண்மையிலேயே போகவில்லை.

பதினோராம் நாள் பள்ளிக்கூடம் லீவு. பையன் மட்கார்டில் உட்கார்ந்திருந்தான். உட்காராதே என்று நூறு முறை சொல்லியிருக்கிறேன், நூறு முறையும் உட்கார்ந்திருக்கிறான். நான்காவது வரிசை திரும்பும்போது பிளாஸ்டிக் கருகும் வாடை. டேஷ்போர்டுக்குக் கீழிருந்து வெள்ளையாகப் புகை. சாவியைத் திருப்பினேன். எஞ்சின் நின்றது, புகை நிற்கவில்லை. விளக்கு லைன் சாவி வழியாக வரவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? பையனைக் கையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினேன். அப்புறம்தான் லைட் சுவிட்ச் ஞாபகம் வந்தது. அதை அமர்த்தியதும் அடங்கியது. டீசல் டேங்க் அங்கிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம். வயர் முழுக்கத் தோல் உருகி, மட்கார்டு தகட்டில் ஒட்டிக் கிடந்தது. இழுத்த வேகத்தில் எனக்கு அடிவயிற்றில் ஒரு வலி. அன்று முழுக்க அதை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் அதையும் சேர்த்துப் பேசுவார்களே என்று.

சாயங்காலம் கொழுந்தனார் வந்தார். கெட்டவர் இல்லை. அண்ணன் போனபின் என் பையனுக்கு இரண்டு வருஷம் பள்ளிக்கட்டணம் கட்டியவர். "நங்கை, வண்டியில நீங்க கை வெக்க வேண்டாமுங்க. ஏதாச்சு ஆயிருந்தா யாரு பதில் சொல்றது?" என்று சாவியை எடுத்துக்கொண்டு போனார். அத்தை திண்ணையிலிருந்து, "பொம்பளை கை வெச்சா இப்படித்தான்" என்றார். பியூஸில் கம்பியை முறுக்கிய கையைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும்தான் பேசவில்லை, எனக்கே அப்போது அது தெரியாது. தப்பு முழுக்க என்னுடையது என்றுதான் இரண்டு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாதி என்னுடையதுதான். அதைப் பிரித்துச் சொன்னவர் மோட்டார் காயில் கட்டுகிற ஓர் அக்கா. எங்கள் கிணற்று மோட்டார் எரிந்தால் அவர்கள் கடைக்குத்தான் போகும். போர்டில் அவர் வீட்டுக்காரர் பெயர். உள்ளே இருபது வருஷமாகக் காயில் சுற்றுவது இவர். உருகிய வயரைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போய் அவர் முன்னால் வைத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விளக்கு எத்தனை வாட்டு அம்முணி?"

தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் பல்பைப் பார்த்துப் போனில் சொன்னேன். அவர் ஒரு பழைய நோட்டின் பின்னட்டையில் போட்ட கணக்கை அடுத்த முறை காட்டினார். முன்விளக்கு ஒன்று 45 வாட், இரண்டு 90. பன்னிரண்டால் வகுத்தால் ஏழரை ஆம்பியர். பம்பு 60 வாட், ஐந்து ஆம்பியர். பின்விளக்கு, மீட்டர் விளக்கு எல்லாம் சேர்த்தால் பதின்மூன்றைத் தாண்டும். அந்த லைனில் இருந்த பியூஸ் 10. உடனே போகாது, சூடேறி அரைமணியில் போகும். போனதுதான் அதன் வேலை. "பியூஸ் நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு. கம்பி போட்டவன் அதைக் கொன்னுபோட்டான்" என்றார். நான் மட்கார்டுக்கு அடியில் குழாய் போடாமல் வயரை விட்டது என் தப்பு. தகட்டு விளிம்பில் உரசி உரசித் தோல் கிழிந்து, உள்கம்பி இரும்பைத் தொட்டிருக்கிறது. தொட்ட கணமே பியூஸ் போயிருந்தால் ஒன்றுமில்லை. பியூஸ் இல்லாததால் பேட்டரியின் மொத்த சக்தியும் அந்த ஒல்லி வயர் வழியாகப் பாய்ந்திருக்கிறது. எங்கேயாவது ஒன்று உருகித்தான் ஆக வேண்டும். பியூஸ் உருகவில்லை என்றால் வயர் உருகும்.

அவரிடம் நான்கு முறை போனேன். மல்டிமீட்டர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். நின்ற வண்டியில் பேட்டரி 12.6 காட்டினால் நல்ல சார்ஜ். எஞ்சின் ஓடும்போது 14க்குப் பக்கத்தில் வந்தால் டைனமோ சரியாக இருக்கிறது. ஏறாவிட்டால் பம்பு பேட்டரியைத் தின்கிறது, சாயங்காலம் செல்ப் அடிக்காது. வயரின் பருமனுக்கும் கணக்கு இருக்கிறது. பேட்டரியிலிருந்து டிரம் வரை நான்கு மீட்டர், போய்வர எட்டு. நான் போட்ட முக்கால் ஸ்கொயர் வயரில் ஐந்து ஆம்பியர் போனால் கிட்டத்தட்ட ஒரு வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். இரண்டரை ஸ்கொயரில் கால் வோல்ட்தான். இதெல்லாம் பள்ளிக்கூட ஓமின் விதி. பத்தாம் வகுப்பில் நான் அதில் முழு மார்க் வாங்கியிருக்கிறேன். வாங்கிய கையோடு கல்யாணம்.

சாவியைக் கேட்கத்தான் ஒரு மாதம் ஆனது. கேட்கும்போது கெஞ்சவில்லை, சண்டையும் போடவில்லை. நோட்டின் பின்னட்டையைக் கொழுந்தனார் முன்னால் வைத்து, கம்பி முறுக்கிய பியூஸையும் கழற்றி அதன் மேல் வைத்தேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "இது எங்க வண்டியிலயும் இப்படித்தானுங்க இருக்கு" என்றார். அவரிடம் ஒரு பெரிய டிராக்டர் உண்டு. அன்று சாவி கிடைத்ததற்கு என் நியாயம் காரணமா, அவருடைய வண்டி பற்றிய பயம் காரணமா என்று இன்றும் எனக்குச் சந்தேகம்தான்.

இந்த முறை முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினேன். பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். விளக்கு வயரைத் தொடவே இல்லை, கருகியதை மாற்றிப் பழையபடி 10 ஆம்பியர் பியூஸ் போட்டேன். பம்புக்குப் பேட்டரி பாசிட்டிவிலிருந்து தனி லைன். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் ஓல்டர், அதிலும் 10. அதற்கடுத்து ஒரு ரிலே. ரிலேயைத் தட்டிவிட மட்டும் சாவி லைனிலிருந்து ஒரு மெல்லிய வயர். அதன் வழியாகப் பம்பின் சுமை போகாது, சைகை மட்டும் போகும். சாவியை அமர்த்தினால் பம்பும் நிற்கும், அன்றைக்கு நின்றிருக்க வேண்டியதைப் போல. நெகட்டிவைப் பாடியில் முடியாமல் பேட்டரிக்கே கொண்டுவந்தேன். வயர் முழுக்கக் குழாய். மட்கார்டு விளிம்பில் பழைய சைக்கிள் டியூப்பைப் பிளந்து வைத்துக் கட்டினேன்.

வயிற்றில் தழும்பு இழுக்கிறது என்பதால் இதைச் செய்ய இரண்டு நாள் ஆனது. நடுவில் அத்தை மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார்.

இப்போது இரண்டு ஏக்கருக்கு இரண்டு டிரம். கலக்குவது டிரம்மிலேயே நீளக் கழியால், கையுறை போட்டு. நான் ஓட்டுகிறேன், அக்கா கன் பிடிக்கிறார், அடுத்த வரிசையில் மாற்றிக்கொள்கிறோம். பையன் மட்கார்டில் இல்லை. நாசில் அடைத்து பம்பு விட்டுவிட்டு ஓடிய ஒரு நாள் பியூஸ் போனது. சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20. டப்பாவில் மூன்றும் வைத்திருக்கிறேன். நாசிலைக் கழுவிவிட்டுச் சிவப்பையே போட்டேன்.

போன மாதம் வண்டி ஆயில் மாற்ற அதே மெக்கானிக் வந்தார். பேட்டரிப் பெட்டியைத் திறந்தவர் கொஞ்சம் நின்றார். "இது ஆரு தம்பி பண்ணுனது?" என்று பையனிடம் கேட்டார். பையன் என்னைக் காட்டினான். அவர் என்னைப் பார்த்தார், திரும்பவும் அவனையே பார்த்தார். "எத்தனை ஆம்பியர் போட்டிருக்குது?"

"அம்மாவைக் கேளுங்க" என்றான்.

அவர் கேட்கவில்லை. ஓல்டரைத் திறந்து நிறத்தைப் பார்த்துவிட்டு, மூடினார்.