சாவி யார் கையில்?

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

வடசென்னைக்காரனுக்குக் ‘குவாட்டர்ஸ்’ புதியதன்று. (நண்பர்கள் வேறு பொருள் கொள்ள வேண்டா!) தண்டையார்பேட்டையில் துறைமுகத்தார் வீடுகள், இராயபுரத்தில் இரயில்வேக்காரர் வீடுகள், எண்ணூரில் 1970 முதல் 2017 வரை ஓடிய அனல்மின் நிலையத்தாரின் வீடுகள். ஒப்பந்தக் கூலியின் மகனாகிய நான் இவற்றை வெளியிலிருந்து பார்த்தே வளர்ந்தேன். நிர்வாகங்கள் இவற்றைக் கட்டியது பரிவினால் மட்டுமன்று. நள்ளிரவில் கப்பல் வந்தால் ஆள் வேண்டுமே!

ஆசிரியர்களுக்கும் இப்படி வீடுகள் உண்டென்பதைத் தாய்மாமனால் அறிந்தேன். மாமா வெள்ளையடிப்பவர். தென்சென்னையில் ஒரு பெரிய கல்வி வளாகத்தில் பேராசிரியர்கள் காலி செய்த வீடுகளுக்கு வேலைக்குப் போவார். விடுமுறையில் நானும் உப்புத்தாள் தேய்க்கப் போனேன்.

அங்கே சாவி கைமாறுவது எளிதன்று. போகிறவர் மின்கணக்கும் தண்ணீர்க் கணக்கும் தீர்க்க வேண்டும். பொறியாளர் வந்து குழாய், தாழ்ப்பாள், மின்விசிறி எல்லாம் எண்ணிப் பார்ப்பார். பிறகு நாங்கள். பிறகு மூப்புப் பட்டியலில் முதற்பெயர். அவர் “மூன்றாம் மாடியா? வேண்டாம்” என்றால் அடுத்த பெயர், அவருக்கும் கடிதம், அவர் பதிலுக்கும் காத்திருப்பு. நாங்கள் பளிச்சென்று முடித்த ஒரு வீட்டை மூன்று மாதம் கழித்தும் பூட்டியே கண்டேன்.

ஏன் வேண்டாம் என்கிறார்கள்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். குடியேறினால் வீட்டு வாடகைப்படி நின்றுவிடும். சென்னையில் மத்திய அரசுப் படி 2024 சனவரி முதல் அடிப்படை ஊதியத்தில் 30 விழுக்காடு. ஐ.ஐ.டி. பேராசிரியரின் தொடக்க ஊதியம் 1,59,100 ரூபாய், படி 47,730. பழைய இரண்டறை வீட்டுக்காக அதை யார் விடுவார்? புதிதாகச் சேர்ந்தவருக்கு அதே வீடு சொர்க்கம். ஆனால் அவர் பெயர் பட்டியலின் அடியில் அல்லவா இருக்கிறது!

ஆயினும் அந்த வளாகத்தில் இரவு எட்டு மணிக்கும் ஆசிரியர்கள் ஆய்வுக்கூடத்துக்கு நடந்து போவதைப் பார்த்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது.

நம் கல்லூரியில் ஆசிரியர் குடியிருப்பு இல்லை. ஒளியியல் நடத்தும் ஐயா தாம்பரத்திலிருந்து கடற்கரை நிலையம் வந்து, கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறி வருகிறார். மாலையில் என் ஐயம் தொடங்கும்போது அவர் வண்டிக்கு நேரமாகிவிடும். அவரைக் குறை சொல்வது பாவம். ஒருநாள் வண்டி தாமதம். கொருக்குப்பேட்டை நடைமேடையில் அமர்ந்து, குறுக்கீட்டு வரிகளை என் நோட்டின் பின்னட்டையில் வரைந்து விளக்கினார். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளப் படித்தவர் இல்லாத எனக்கு அந்த இருபது நிமிடம் ஒரு பருவத்துக்குச் சமம். வண்டிகள் தாமதமாக வேண்டுமென்று வேண்டிக்கொள்வதா?

சைதாப்பேட்டைத் தாடண்டர் நகரில் அரசு ஊழியர்க்கு வாடகைக் குடியிருப்புகள் உண்டு. திருவொற்றியூர்ப் பக்கம் பத்து வீடுகள் கட்டி ஆசிரியர்களுக்கென்று ஒதுக்கலாம். 2021-இல் மெட்ரோவே விம்கோ நகர் வரை வந்துவிட்டதே! மூப்பைப் பார்க்காமல், தொலைவிலிருந்து வருகிறவருக்கு முதலிடம் கொடுத்தால் வீடு பூட்டிக் கிடக்காது என்பது என் கணிப்பு.

மாமாவிடம் சொன்னேன். “கட்டட்டும்டா, கூலியைக் குறைச்சிக்கிறேன்” என்றார். உப்புத்தாள் தேய்க்க நான் இருக்கிறேன்.